இவருக்கு இருக்கிறது, எனக்கு இல்லை

என் கணவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. எனக்கும் பிள்ளைகளுக்கும் இல்லை. விஷயம் தெரிந்த நாலைந்து பேரும் முதலில் கேட்டது ஒரே கேள்விதான்: "அவருக்கு எப்பிடி வந்தது?" அது எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் கதைத்து முடிந்த விஷயம், இங்கே வராது. உனக்கு எப்படி வராமல் போனது என்று ஒருவரும் கேட்கவில்லை. என்னைக் கேட்டால் மற்றவர்களுக்குப் பிரயோசனமான கேள்வி அதுதான்.

நாங்கள் யாழ்ப்பாணத்தில் வலிகாமம் பக்கம். நான் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். எதையும் எண்ணாகச் சொன்னால்தான் எனக்கு ஏறும். அதனால் டொக்டர்மாரைக் கரைச்சல் கொடுத்து எண்களாகவே கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அவை இடைக்கிடை வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆட்களின் பெயர் ஒன்றும் வராது.

இவர் 2014 இல் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனார். போகும் முன் செய்த மெடிக்கலில் எச்.ஐ.வி. சோதனையும் இருந்தது. பாஸ். எங்கள் சனத்தில் பலருக்கு மெடிக்கல் பாஸ் என்றால் ஆயுளுக்கும் செல்லுபடியாகும் பத்திரம் என்ற நினைப்பு. அது இரத்தம் எடுத்த நாள் வரைக்கும்தான் செல்லும். அதிலும் அதற்கு முந்திய சில கிழமைகளைக் கழித்துவிட வேண்டும், ஏனென்றால் புதிதாகத் தொற்றிய ஒருவரின் இரத்தத்தில் அது உடனே பிடிபடாது. கொரோனாக் காலத்தில் கொம்பனி ஆட்களைக் குறைத்தது. 2020 கடைசியில் ஊரோடு வந்துவிட்டார்.

2022 இல் மெலியத் தொடங்கினார். அந்த வருடம் யார்தான் மெலியவில்லை? பெற்றோலுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, காஸ் இல்லை, விலைவாசியைக் கதைக்கவே தேவையில்லை. இரவிரவாக மோட்டார் சைக்கிளோடு பெற்றோல் ஷெட்டில் நிற்கிற மனிசன் மெலியத்தானே செய்வார் என்று எல்லாரும் நினைத்தோம். பின்னேரமானால் உடம்பு சுடும். இரவில் வேர்த்துத் தலையணை உறை நனைந்துவிடும். டெங்குவோ என்று இரத்தம் பார்த்தோம், இல்லை. வயிற்றோட்டம் தொடங்கினால் நிற்க இரண்டு கிழமை எடுக்கும். நடுவில் ஒரு பக்க விலாவில் மட்டும் கொப்புளம் கொப்புளமாக அக்கி போட்டது. சேட் முட்டினாலே துடித்தார். அதற்கு ஒரு நாட்டு வைத்தியர், வயிற்றுக்கு ஒரு டொக்டரைச் சனல் பண்ணினோம், காய்ச்சலுக்கு இன்னொருவரை. அவரவர் தங்களுக்கு முன்னால் இருந்த வருத்தத்துக்குச் சரியான மருந்தைத்தான் தந்தார்கள். எல்லா வருத்தத்தையும் ஒரே கடுதாசியில் எழுதி வைத்துப் பார்க்கத்தான் ஆள் இருக்கவில்லை.

இப்போது யாராவது என்னிடம் கேட்டால் இப்படிச் சொல்வேன். ஐம்பது வயதுக்குள் இருக்கிற ஒருவருக்கு அக்கி வந்தால், நாக்கிலும் அண்ணத்திலும் வெள்ளையாகப் படிந்து வழித்தால் சிவந்து எரிந்தால், ஒரு மாதத்துக்கு மேல் காய்ச்சலோ வயிற்றோட்டமோ விட்டு விட்டு வந்தால், காரணம் தெரியாமல் உடம்பு நிறையில் பத்தில் ஒரு பங்கு இறங்கினால், இதில் ஏதாவது ஒன்று இருந்தாலே எச்.ஐ.வி. சோதனை ஒன்றும் செய்துவிடுங்கள். பெரும்பாலும் இல்லை என்றுதான் வரும். இல்லை என்று வந்தால் நல்லது, அடுத்ததைப் பார்க்கலாம். "ஆள் அப்பிடிப்பட்டவர் இல்லை" என்பது ஒரு சோதனை முடிவு கிடையாது.

2023 தை மாதம் இருமல் பிடித்தது. இருமல் பாணி இரண்டு போத்தல் முடிந்தும் நிற்கவில்லை. எக்ஸ்றே எடுத்தார்கள், பிறகு பெரியாஸ்பத்திரியில் மறித்துவிட்டார்கள். சளியில் காசநோய்க் கிருமி இருந்தது. காசநோய் உறுதியானவர்களுக்கு எச்.ஐ.வி. சோதனையும் செய்வது இங்கே வழமை. அப்படித்தான் எங்களுக்குத் தெரியவந்தது.

முடிவை முதலில் அவரிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்கள். மனைவிக்குச் சொல்ல வேண்டும், நீங்களே சொல்கிறீர்களா, நாங்கள் கூட இருக்கட்டுமா என்று கேட்டு, அவர் சம்மதித்த பிறகே பாலியல் நோய்க் கிளினிக்கில் என்னையும் கூப்பிட்டு இருத்தினார்கள். அங்கே இருந்த டொக்டர் அம்மா ஒரு கடுதாசியை எடுத்து, நடுவில் ஒரு வட்டம் கீறி, எனக்கு விளங்கும் வரைக்கும் சொன்னார். அவசரப்படவில்லை.

எங்கள் இரத்தத்தில் சி.டி.4 என்று ஒரு வகை வெள்ளணு இருக்கிறது. உடம்புக்குள் ஏதாவது கிருமி வந்தால் மற்ற அணுக்களை எழுப்பிவிட்டுச் சண்டையை நடத்துவது அதுதான். எச்.ஐ.வி. நேரே போய்ப் பிடிப்பது அதையே. பிடித்து உள்ளே போனதும், ஆர்.என்.ஏ. வடிவில் இருக்கிற தன் விபரத்தை டி.என்.ஏ.யாக மாற்றி, அந்த அணுவின் சொந்த டி.என்.ஏ.க்குள்ளேயே செருகிவிடும். காணிக் கந்தோரில் கள்ள உறுதி ஒன்றைப் பதிந்துவிட்டால், அதற்குப் பிறகு எடுக்கிற பிரதி எல்லாவற்றிலும் கள்ளனின் பெயரும் சேர்ந்து வருமே, அது மாதிரி. அணு தன் வேலையைச் செய்யச் செய்ய வைரஸும் அச்சடித்து வெளியே வரும். கடைசியில் அணு செத்துவிடும். சில அணுக்கள் அந்தக் கள்ளப் பதிவோடு பல வருடம் சும்மா உறங்கிக்கொண்டிருக்கும். இன்றைய மருந்தால் அச்சடிப்பதை நிறுத்த முடிகிறது, உறங்குகிற பதிவை அழிக்க முடியவில்லை. மருந்தை ஏன் ஆயுள் முழுக்கப் போட வேண்டும் என்பதற்கு விடை அதுதான்.

சுகமான ஒருவருக்கு ஒரு கன மில்லிமீற்றர் இரத்தத்தில் சி.டி.4 அணு 500 முதல் 1500 வரை இருக்கும். 200 க்குக் கீழே இறங்கினால் அந்தக் கட்டத்துக்குத்தான் எயிட்ஸ் என்று பெயர். இவருக்கு 64.

அந்த 64 க்கு இறங்க எவ்வளவு காலம் எடுத்திருக்கும் என்று கேட்டேன். மருந்து எடுக்காவிட்டால் தொற்றிய நாளிலிருந்து எயிட்ஸ் கட்டம் வர எட்டுப் பத்து வருடம் செல்லலாம், சிலருக்குக் கெதியாக வரும், சிலருக்கு இன்னும் இழுக்கும் என்றார். தொற்றி இரண்டு முதல் நான்கு கிழமைக்குள் பலருக்குக் காய்ச்சல், தொண்டை நோ, கழுத்தில் நெறி, உடம்பில் சிவப்புப் பொட்டுகள் வரும். பத்து நாளில் போய்விடும். யாரும் அதைச் சாதாரணக் காய்ச்சல் என்று பனடோல் போட்டுக் கடத்திவிடுவார்கள். ஆனால் அந்தக் கிழமைகளில்தான் இரத்தத்தில் வைரஸ் கொட்டிக் கிடக்கும், அடுத்தவருக்கு மிகச் சுலபமாகத் தொற்றுவதும் அப்போதுதான். அதன் பிறகு வருடக் கணக்கில் ஒன்றும் தெரியாது. ஆள் வேலை செய்வார், கோயிலுக்குக் காவடி எடுப்பார், பிள்ளைக்குச் சைக்கிள் பழக்குவார். உள்ளே மட்டும் சி.டி.4 இறங்கிக்கொண்டே இருக்கும்.

350 ஐத் தாண்டி இறங்கும்போது அக்கி, காசநோய் மாதிரியானவை தலைகாட்டும். 200 க்குக் கீழே வாயில் வெள்ளைப் படிவு, நியூமோசிஸ்டிஸ் என்கிற ஒரு வகை நியூமோனியா. 100 க்குக் கீழே மூளைக் காய்ச்சல் உண்டாக்கும் பூஞ்சணம். 50 க்குக் கீழே கண்பார்வையையே பறிக்கிற வைரஸ். எச்.ஐ.வி. நேரே ஆளைக் கொல்வது குறைவு. கதவைத் திறந்து விட்டுவிடும், உள்ளே வருவது வேறு ஆட்கள். இவருக்கு முதலில் வந்து சேர்ந்தது காசநோய். உலகத்தில் எச்.ஐ.வி.யோடு இருப்பவர்களைக் கூடுதலாகக் கொல்வதும் அதுதான் என்றார்கள்.

சரி, என் சோதனைக்கு வருகிறேன். அன்றைக்கே இரத்தம் எடுத்தார்கள். இல்லை என்று வந்தது. அவர் வருத்தக்காரராகிப் பல மாதமாக எங்களுக்குள் உறவு இருக்கவில்லை. ஆனாலும் மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்த்து உறுதிப்படுத்தினார்கள். பிள்ளைகள் இருவரும் 2014 க்கு முன்னம் பிறந்தவர்கள், தாய்க்கு இல்லை என்றால் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போக வழியில்லை, அதனால் அவர்களுக்கு எச்.ஐ.வி. சோதனையே தேவைப்படவில்லை. அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

எனக்கு ஏன் வரவில்லை? டொக்டர் அம்மா இதற்கும் எண் சொன்னார். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தின் கணக்குப்படி, மருந்து எடுக்காத எச்.ஐ.வி. உள்ள ஆணோடு பாதுகாப்பில்லாமல் உறவு வைக்கிற பெண்ணுக்கு, பத்தாயிரம் தடவைக்குச் சராசரியாக 8 தடவை தொற்றும். குதவழி உறவில் வாங்குபவருக்கு அதே கணக்கு 138. தொற்றுள்ளவருக்குக் குத்திய ஊசி தவறிக் கையில் குத்தினால் 23. தொற்றுள்ள இரத்தத்தை ஏற்றினால் பத்தாயிரத்துக்கு 9,250, அதாவது தப்புவது அரிது. அதனால்தான் இரத்த வங்கியில் கொடுக்கப்படுகிற ஒவ்வொரு பைண்டையும் சோதித்த பிறகே ஏற்றுகிறார்கள்.

8 என்பதைப் பார்த்து யாரும் துணிந்துவிடக் கூடாது. அது சராசரி. தொற்றிய புதிதிலும், சி.டி.4 மிகவும் இறங்கிய கடைசிக் கட்டத்திலும் அந்த எண் பல மடங்கு ஏறும். இருவரில் ஒருவருக்குச் சிபிலிஸ் மாதிரி வேறு பாலியல் நோயால் புண் இருந்தாலும் ஏறும். முதல் தடவையிலேயே தொற்றியவர்களும் உண்டு. இவர் வெளிநாட்டில் இருந்த காலம் கூட, வீட்டில் இருந்த காலம் குறைவு. எனக்குக் கிடைத்தது பாதி கணக்கு, பாதி அதிர்ஷ்டம். நேர்த்திக்கடன் என்று மாமி சொல்லுவா. அதையும் நான் மறுக்கப் போவதில்லை.

மாமியைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். எங்களோடுதான் இருக்கிறா. அவவுக்கு மறைத்து வைக்க ஏலாது என்று இவரே சொல்லிவிட்டார். அழுது முடித்து, அடுத்த நாள் காலை அடுப்படியில் என்னைக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "பிள்ளை, அவன்ரை கோப்பையையும் தேத்தண்ணிக் கப்பையும் பிறிம்பா வைச்சிருக்கிறன். நீ ஒண்டும் நினைக்காதை" என்றா. நீலப் பூப்போட்ட எனாமல் கோப்பை. அடி கொஞ்சம் கழன்றது. கழுவுவதற்கும் தனித் தும்பு. கிணற்றடியில் குளித்த தண்ணி வாழைக்குப் போகிறதே, அந்த வாழைக்குலையை என்ன செய்வது என்று கேட்டா. நுளம்பு கடித்து எங்களுக்கு வராதோ என்றா.

வைரஸ் இருப்பது இரத்தம், விந்து, பெண்ணுறுப்பிலும் குதவழியிலும் சுரக்கிற திரவம், தாய்ப்பால், இவ்வளவில்தான். எச்சில், வேர்வை, கண்ணீர், சளி, மூத்திரம் இவற்றால் தொற்றாது. வெளியே வந்து காய்ந்தால் கெதியாகச் செயலிழந்துவிடும். நுளம்பின் வயிற்றுக்குள் இரத்தத்தோடு அது செமித்துப்போய்விடும், பெருகாது. நுளம்பு ஒருவரைக் குத்தும்போது தன் எச்சிலைத்தான் உள்ளே விடும், முன்பு குடித்த இரத்தத்தை விடாது. கிணறு, கக்கூசு, கோப்பை, கட்டில், கட்டிப்பிடிப்பது, பிள்ளைகளைக் கொஞ்சுவது எதுவும் பிரச்சினை இல்லை. சவர அலகு மட்டும் தனியாக. அது எல்லா வீட்டிலும் தனியாகத்தான் இருக்க வேண்டும்.

இதில் எனக்கு இன்றைக்கும் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வருகிற இடம் ஒன்று இருக்கிறது. மாமி கோப்பையைப் பிரித்து வைத்த அதே நாட்களில், பனிக்குளிர் என்று யன்னலை எல்லாம் இறுகச் சாத்திவிட்டு, இருமுகிற மகனுக்குப் பக்கத்திலேயே பாயைப் போட்டுப் படுத்தா. எச்.ஐ.வி. கோப்பையால் வராது. காசநோய் காற்றால் வரும்! பயப்பட வேண்டிய வருத்தத்துக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, பயப்படத் தேவையில்லாததற்குக் கோப்பை கழுவினா. மார்பு நோய்க் கிளினிக்கிலிருந்து வந்தவர்தான் யன்னல்களைத் திறக்கச் சொல்லி, மருந்து பிடிக்கும் வரை கொஞ்ச நாள் இவரைத் தனியறையில் படுக்கச் சொன்னார். மாமி, நான், பிள்ளைகள் எல்லாரையும் காசநோய்க்குச் சோதித்தார்கள். யாருக்கும் இருக்கவில்லை. நல்ல காலம்.

நீலக் கோப்பையை நான் எடுத்து எறியவில்லை. சண்டை பிடிக்கவும் இல்லை. டொக்டர் அம்மாவிடம் மாமியைக் கூட்டிக்கொண்டு போனேன். நான் பத்துத் தரம் சொன்னது அவவின் காதில் ஏறவில்லை, வெள்ளைக் கோட்டுப் போட்டவர் ஒருதரம் சொன்னது ஏறியது. நீங்களும் இப்படியான வீட்டில் இருந்தால், மூத்தவர்களோடு வாதாடி நேரத்தை வீணாக்காமல் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். கூட்டிப்போக முன் வருத்தக்காரரின் சம்மதம் வேண்டும், அதை மறக்கக் கூடாது.

மருந்துக் கதைதான் நீளமானது. முதலில் காசநோய் மருந்து. அதில் ஒன்றான ரிஃபாம்பிசின் மூத்திரத்தைச் செம்மஞ்சளாக்கிவிடும். முன்கூட்டியே சொல்லியிருந்தும் முதல் நாள் இரத்தம் போகிறது என்று கத்திவிட்டார். இரண்டு கிழமை அளவில் எச்.ஐ.வி. மருந்தும் தொடங்கியது: டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் ஒரே குளிசைக்குள். நாளுக்கு ஒன்று. ரிஃபாம்பிசின், டொலுடெக்ராவிரை உடம்பிலிருந்து கெதியாகக் கழித்துவிடும் என்பதால், காசநோய் மருந்து முடியும் வரைக்கும் டொலுடெக்ராவிர் மட்டும் இன்னொரு வேளை மேலதிகமாகத் தந்தார்கள். வேறு தொற்றுகள் வராமல் இருக்க கோ-ட்ரைமொக்சசோலும் சேர்ந்தது. காலையில் கோப்பை நிறையக் குளிசை. எல்லாம் இலவசம். இலங்கையில் 2004 இலிருந்து எச்.ஐ.வி. மருந்தை அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. 2022 இல் நாடு இருந்த இருப்பை நினைத்தால் இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

மருந்து தொடங்கி ஒரு மாதம் போகத் தேறி வந்தவர் திரும்ப விழுந்தார். காய்ச்சல், கழுத்தில் எலுமிச்சங்காய் அளவில் கட்டி. "மருந்து பிழைச்சுப்போச்சு, நிப்பாட்டுங்கோ" என்று மாமி ஒரே பிடியாக நின்றா. எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான். டொக்டர் அம்மா பார்த்துவிட்டுப் பதறவில்லை. இவ்வளவு காலமும் செத்துக் கிடந்த எதிர்ப்புச் சக்தி இப்போதுதான் எழும்பி, ஒளிந்திருந்த காசநோய்க் கிருமியைக் கண்டு சண்டை பிடிக்கிறது, கட்டி அந்தச் சண்டையால் வருவது என்றார். மிகக் குறைந்த சி.டி.4 எண்ணிக்கையோடு மருந்து தொடங்குபவர்களுக்கு இது நடக்கக்கூடியது. சில கிழமைக்கு ஸ்டீரொயிட் தந்தார்கள், கட்டி வற்றியது. இந்த இடத்தில் மருந்தை நிறுத்திவிட்டு வேறு வைத்தியத்துக்குப் போனவர்கள் இருக்கிறார்கள் என்று கிளினிக் தாதி மிஸ் சொன்னா. தொடங்கிய பிறகு கூடினால் கிளினிக்குக்கு ஓடுங்கள், குளிசையை நிறுத்தாதீர்கள்.

நிறுத்தினால் என்ன? இரண்டு காரணம். ஒன்று, உறங்குகிற அணுக்களிலிருந்து வைரஸ் சில கிழமையிலேயே திரும்பக் கிளம்பிவிடும். மற்றது, இரத்தத்தில் மருந்து அரைகுறையாக இருக்கும்போது, அதற்கு அடங்காத வைரஸ் மட்டும் தப்பிப் பெருகும். பிறகு அதே குளிசை வேலை செய்யாது. எங்கள் வீட்டில் இரவு எட்டு மணி என்று வைத்துக்கொண்டோம். செய்தி தொடங்கும்போது தண்ணியும் குளிசையும். ஒரு நாள் மறந்து காலையில் நினைவு வந்தால் உடனே போட்டுவிட்டு, இரவு வழமைபோல. இரண்டை ஒன்றாகப் போடுவதில்லை.

எங்கள் பக்க ஆட்களுக்கு முக்கியமான ஒன்று. சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து, மக்னீசியம், அலுமினியம் டொலுடெக்ராவிரைப் பிடித்துக் குடலிலேயே மறித்துவிடும். கல்சியம் குளிசை, அல்சருக்குக் குடிக்கிற வெள்ளைப் பாணி எல்லாம் இதில் அடங்கும். அவற்றை எடுப்பதானால் எச்.ஐ.வி. குளிசையை இரண்டு மணித்தியாலம் முன்னுக்கோ ஆறு மணித்தியாலம் பின்னுக்கோ எடுக்க வேண்டும். இவர் உடம்பு தேற என்று மாமி வாங்கி வைத்திருந்த அயச்செந்தூரத்தையும் சங்குப் பற்பத்தையும் பையோடு கொண்டுபோய்க் காட்டினேன். ஒன்று இரும்பு, மற்றது சுண்ணாம்பு. நல்ல வேளை காட்டினீர்கள் என்றார் டொக்டர் அம்மா. நாட்டு மருந்து எடுப்பதை மறைக்கிறவர்கள்தான் கூட. பேச்சு விழும் என்று பயப்படாமல் பையைத் திறந்து காட்டிவிடுங்கள்.

ஆறு மாதத்தில் வைரல் லோட் பார்த்தார்கள். ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் எத்தனை வைரஸ் என்கிற எண் அது. கருவிக்குத் தென்படாத அளவு என்று வந்தது. சி.டி.4 ஏறுவது மெதுவாகத்தான்: ஒரு வருடம் கழித்து 210, பிறகு 340. 64 வரைக்கும் விட்டவருக்கு அது சிலவேளை 500 ஐத் தொடாமலே போகலாம். நேரத்தோடு கண்டுபிடித்திருந்தால் அந்த வழுக்கலே இருந்திருக்காது. உலக சுகாதார நிறுவனம் 2015 இலிருந்து, சி.டி.4 எவ்வளவாக இருந்தாலும் கண்டுபிடித்தவுடன் மருந்தைத் தொடங்கச் சொல்வது இதனால்தான்.

வைரல் லோட் 200 க்குக் கீழே நிலையாக நின்றால் உறவின் மூலம் அடுத்தவருக்குத் தொற்றாது. குறைவாகத் தொற்றும் என்றில்லை, தொற்றாது. நான் இதை நம்ப நாள் எடுத்தது. ஐரோப்பாவில் ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு இல்லாத சோடிகளை வருடக் கணக்கில் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். பார்ட்னர் என்று அந்த ஆய்வுக்குப் பெயர். 2016 இல் வந்த முடிவில் கொண்டம் இல்லாத உறவு ஏறக்குறைய 58,000 தடவை, 2019 இல் வந்ததில் ஆண் சோடிகளிடம் மட்டும் 76,000 க்கு மேல். மருந்து எடுக்கும் துணையிடமிருந்து தொற்றியது இரண்டிலும் பூச்சியம். கணக்கு எழுதுகிற எனக்குப் பூச்சியம் என்றால் பூச்சியம். ஆனாலும் முதல் ஒரு வருடம் கொண்டம் பாவித்தோம். அது வைரஸுக்குப் பயந்து என்பதை விட என் மனதுக்கு அவகாசம் கொடுக்க. பிறகு தேவைப்படவில்லை. அவருடைய குளிசைதான் என்னுடைய பாதுகாப்பும் என்பதால் எட்டு மணிக்கு அவரை விட நான்தான் கூடக் கவனம்.

மாமியின் மனதில் இருந்தது தொண்ணூறுகளின் எயிட்ஸ்: வந்தால் எலும்பாகிச் சாவு. அந்தக் காலத்துக்கு அது பொய்யும் இல்லை. 1983 இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் வைரஸைக் கண்டுபிடித்தார்கள், 1987 இல் முதல் மருந்து வந்தது, 1996 அளவில் மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் சாவு குறைந்தது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் அப்போது இடம்பெயர்ந்து மூட்டை முடிச்சோடு அலைந்துகொண்டிருந்தோம். அந்தச் செய்தி எங்களுக்கு எங்கே வந்தது? பழைய பயம் மட்டும் தங்கிவிட்டது. படித்தவர்களிடமும் அதைப் பார்த்தேன். இவருக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கப் போன தனியார் இடம் ஒன்றில், படிவத்தில் உண்மையை எழுதியதும் "இயந்திரம் பழுது, பிறகு வாங்கோ" என்றார்கள். பிறகும் பழுதுதான். கடைசியில் எங்கள் கிளினிக்கே கடிதம் தந்து அரசாங்கப் பல் வைத்தியரிடம் அனுப்பியது, பத்து நிமிடத்தில் பல் வெளியே. எல்லா நோயாளிக்கும் ஒரே மாதிரிக் கையுறை, ஒரே மாதிரிக் கிருமி நீக்கம் செய்தால் எவருக்கு என்ன இருந்தாலும் பயமில்லை. தெரியாமல் வந்து போகிறவர்கள்தானே கூட.

இப்போதைய வருத்தங்கள் வேறு. டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தையும் எலும்பையும் தொடும் என்பதால் அதற்கான இரத்தச் சோதனை நடக்கிறது. டொலுடெக்ராவிர் நிறையைக் கூட்டும். இவருக்கு வண்டி வைத்து, கொலஸ்ரோலும் ஏறிவிட்டது. வைரஸ் அடங்கியிருந்தாலும் உடம்புக்குள் ஒரு மெல்லிய அழற்சி இருந்துகொண்டே இருக்குமாம், அதனால் இருதய வருத்தத்துக்கான வாய்ப்பு மற்றவர்களை விடக் கொஞ்சம் கூட. சிகரெட்டை விடச் சொல்லி டொக்டர் அம்மா ஒற்றைக் காலில் நின்றா. எச்.ஐ.வி.க்கு விடாதவர் அவவின் ஏச்சுக்கு விட்டார். முன்வீட்டு அன்ரி போன கிழமை, "தம்பிக்கு உடம்பு வைச்சிட்டுது, சுகர் பாக்கேல்லையோ?" என்றா. பார்க்கிறோம் அன்ரி என்றேன்.

அண்மையில் தெரிந்த ஒரு பெண் இரவில் போன் எடுத்தா. எனக்கு இப்படி என்று தெரியாமல், சங்கத்தில் கண்ட பழக்கத்தில், மகன் கொழும்பில் ஏதோ பிழையாகி முந்தாநாள் வந்து அழுகிறான், யாரிடம் போவது என்று கேட்டா. எனக்கு மணிக்கூடுதான் முதலில் கண்ணில் பட்டது. சந்தேகமான தொடர்பு நடந்து 72 மணித்தியாலத்துக்குள் போனால், 28 நாள் குளிசை போட்டுத் தொற்றாமலே தடுக்க வழி இருக்கிறது. எவ்வளவு கெதியோ அவ்வளவு நல்லது, 72 தாண்டினால் பிரயோசனமில்லை. காலமை கிளினிக் திறக்கும் வரைக்கும் காத்திராமல் இரவே பெரியாஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகச் சொன்னேன். வேறு டொக்டரின் துண்டு தேவையில்லை, காசு தேவையில்லை, பாலியல் நோய்க் கிளினிக் டொக்டரோடு கதைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கோ என்றேன். பெயரைக் கூப்பிடுவார்களோ என்றா. எங்கள் கிளினிக்கில் இலக்கத்தால்தான் கூப்பிடுவார்கள் என்று வாய் வரைக்கும் வந்தது. "இலக்கத்தால கூப்பிடுறவை எண்டு கேள்விப்பட்டனான்" என்றேன்.

கர்ப்பிணித் தாய்மாருக்கு இந்தச் சோதனையை ஊர்ச் சுகாதார வைத்திய அதிகாரியின் (எம்.ஓ.எச்.) கிளினிக்கிலேயே செய்கிறார்கள். தாய்க்கு இருந்தாலும் நேரத்தோடு மருந்து தொடங்கினால் பிள்ளைக்குப் போகாமல் தடுக்கலாம். மருந்தில்லாமல் விட்டால் நூறு பிள்ளைகளில் 15 முதல் 45 வரை தொற்றும். தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை இல்லாதொழித்த நாடு என்று 2019 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அங்கீகரித்தது இந்தச் சோதனையால்தான். கையை நீட்டப் பயப்படுகிற பிள்ளைத்தாய்ச்சி யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் இதைச் சொல்லுங்கள்.

இவருடைய அடுத்த கிளினிக் நாள் நல்லூர்த் திருவிழாவுக்குள் வந்தது. அந்த நாட்களில் வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர் எல்லாரும் ரவுணுக்குள்தான் நிற்பார்கள். கேட்டு ஒரு கிழமை முன்னுக்கு மாற்றிக்கொண்டோம். போத்தலில் பதினைந்து குளிசை மிச்சம் இருக்கும்போதே அடுத்ததை எடுத்துவிடுவது எங்கள் வழக்கம், அதனால் மாற்றியதில் கரைச்சல் ஒன்றும் இல்லை.